சோடாப் போத்தலில் மருந்து வேண்டாம்



இம்முறை நாம் படிக்கப்போகும் பாடம் மருந்தடிப்பவர்களுக்கும் ஸ்டோர்க் கீப்பருக்கும் மட்டும் உரியதென்று நினைத்து யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொழுந்தெடுக்கும் தாய்மார், பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர், பாட்டன் பாட்டி, பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு. நான் இந்த வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை லயத்துக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். ஒரு காம்பராவில் ஜன்னல் கட்டையில், குப்பி விளக்குக்குப் பக்கத்தில், பச்சை நிறச் சோடாப் போத்தல் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அந்தத் தாயிடம் போஷாக்குப் பற்றியும் மலசலகூடம் பற்றியும் கதைத்துவிட்டு, பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் அந்த வீட்டு நாலு வயதுப் பையன் அந்தப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டான். கோவாவுக்கு அடிப்பதற்கென்று தகப்பன் ஒரு கூட்டாளியிடம் அரைப் போத்தல் வாங்கி வைத்திருந்த பூச்சிநாசினி அது. தாய் பயந்துபோய் உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தியெடுக்க வைத்தாள். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனோம். பையனுக்கு வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து?"

"கோவாவுக்கு அடிக்கிற மருந்துங்க ஐயா" என்றார் தகப்பன்.

"பேர் என்ன? லேபல் எங்கே?"

அந்தச் சோடாப் போத்தலில் ஒரு லேபல் இருந்தது. சோடாக் கம்பெனியின் லேபல். உள்ளே இருந்த நஞ்சின் பெயர் யாருக்கும் தெரியாது. கொடுத்த கூட்டாளியைத் தேடி, அவர் வீட்டிலிருந்த அசல் போத்தலைக் கொண்டுவர இரவு பத்து மணியாகிவிட்டது. அதுவரை வைத்தியர் அறிகுறிகளைப் பார்த்தே வைத்தியம் செய்தார். அவருடைய கெட்டித்தனத்தாலும் கடவுள் புண்ணியத்தாலும் பையன் பிழைத்தான். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். இன்றைக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வரும்போது என்னைப் பார்த்தால் "ஐயா" என்று சிரிப்பான். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வரும். "இந்தப் போத்தலில் என்ன இருக்கு தங்கச்சி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை இனி நாம் எல்லோரும் கேட்கப் பழக வேண்டும். இந்தப் பாடத்தின் சாரம் அதுதான்.

மருந்து அல்ல, நஞ்சு

டிஸ்பென்சரியில் தருவதையும் மருந்து என்கிறோம். புல்லுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். பெரியவர்களுக்கு இரண்டும் வேறென்று தெரியும். சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சட்டத்தில் இதற்குப் பெயர் பீடைகொல்லி. புல்லை அழிப்பது களைநாசினி, பூச்சியை அழிப்பது பூச்சிநாசினி, கொழுந்தில் வரும் கொப்புள நோய் போன்றவற்றுக்கு அடிப்பது பங்கசுநாசினி. மூன்றும் உயிரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டவை. புல்லின் உயிர் எது, பிள்ளையின் உயிர் எது என்று அவற்றுக்குத் தெரியாது.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவு செய்யாத எந்த மருந்தையும் விற்கக் கூடாது. விற்கும் போத்தலில் லேபல் இருக்க வேண்டும். அந்த லேபலில் நாலு முக்கிய விஷயம் இருக்கும்: உள்ளே இருக்கும் நஞ்சின் பெயர், அதன் வீரியம், பாவிக்கும் முறை, உள்ளே போனால் செய்ய வேண்டிய முதலுதவி. அடியில் ஒரு நிறப்பட்டையும் இருக்கும். சிவப்பென்றால் மிகக் கொடியது. அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. மற்றவற்றைவிட ஆபத்துக் குறைவு, அவ்வளவுதான்.

மருந்தை வேறு போத்தலுக்கு மாற்றிய அந்த நிமிடமே இந்த விபரம் எல்லாம் போய்விடுகிறது. நஞ்சு அப்படியே இருக்கிறது, அதன் பெயர்தான் காணாமல் போகிறது. ஆளைக் கொல்வது நஞ்சு என்றாலும், வைத்தியரின் கையைக் கட்டிப்போடுவது பெயர் இல்லாமைதான்.

உலக நாடுகள் சேர்ந்து 1985இல் ஏற்றுக்கொண்ட பீடைகொல்லி ஒழுக்கக் கோவையும் இதைத்தான் சொல்கிறது. சாப்பாடு, குடிபானம் ஆகியவற்றின் பாத்திரங்களில் பீடைகொல்லியை மாற்றி ஊற்றுவது தடைசெய்யப்பட வேண்டும் என்பது அதன் கருத்து.

இரண்டு பழைய துயரங்கள்

"நம்ம வீட்டுல அப்பிடி ஒன்னும் நடக்காது" என்று சொல்பவர்களுக்காக இரண்டு சம்பவங்கள்.

1958இல் இந்தியாவின் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் ஒரேயடியாக இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது கோதுமை மா. அந்த மாவில் பரத்தியோன் என்ற பூச்சிநாசினி கலந்திருந்தது. சாப்பாட்டுச் சாமானையும் நஞ்சையும் சேர்த்து ஏற்றிவந்ததால் வந்த வினை. மாவைப் பார்த்தால் மாவாகத்தான் இருந்தது. ரொட்டி சுட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

2013 ஜூலை 16ஆம் திகதி, பீகார் மாநிலத்தில் சாரண் மாவட்டத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மொனோகுரோட்டபொஸ் என்ற பூச்சிநாசினி இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. எண்ணெயின் மணம் சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும் செய்திகள் வந்தன. அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. அதே மொனோகுரோட்டபொஸ் மருந்தை நம் நாட்டில் 1995இலேயே நிறுத்திவிட்டார்கள்.

கோதுமை மாவும் சமையல் எண்ணெயும் நம் ஒவ்வொரு குசினியிலும் இருக்கும் சாமான்கள். இந்த இரண்டு இடத்திலும் நஞ்சு திருடனைப் போல வரவில்லை. சாப்பாட்டுச் சாமானோடு சாமானாக, சோறு வைக்கும் இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்டோர் எப்படி இருக்க வேண்டும்?

தோட்டத்தில் மருந்து பெரிய கேன்களிலும் பீப்பாய்களிலும் மொத்தமாக வருகிறது. அதை வைக்கும் இடத்துக்குச் சில விதிகள் உண்டு. இது நிர்வாகத்தின் கடமை. ஆனாலும் தொழிலாளர்களும் தெரிந்து வைத்திருந்தால்தான் குறை கண்டால் தலைவர் மூலமாக எடுத்துச் சொல்ல முடியும்.

1. மருந்து ஸ்டோர் தனிக் கட்டடமாக இருக்க வேண்டும். லயம், பிள்ளைக்காம்பரா, பாடசாலை, பீலி, ஆறு, கிணறு ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மலைநாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்டோரிலிருந்து ஒழுகினால் தண்ணீர் எந்தக் கான் வழியாக, எந்த லயத்துக்கு இறங்கும்? மேலே கொட்டியது கீழே உள்ளவர்கள் வாயில்தான் போகும்.

2. தரை வெடிப்பில்லாத சீமெந்தாக இருக்க வேண்டும். பலகைத் தரையும் மண் தரையும் நஞ்சைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு கழுவினாலும் போகாது. கதவடியில் ஒரு திண்டு கட்ட வேண்டும். பெரிய பீப்பாய் ஒன்று முழுதாக உடைந்தாலும் மருந்து வெளியே போகாத அளவுக்கு அது உயரமாக இருக்க வேண்டும்.

3. காற்று வந்து போக வழி வேண்டும். கூரை ஒழுகக் கூடாது. வெயில் நேரே படக் கூடாது. விளக்கு, அடுப்பு, பீடி, சிகரட் எதுவும் பக்கத்தில் ஆகாது.

4. நல்ல பூட்டு வேண்டும். திறப்பு ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். கதவுக்கு மேல் ஆணியில் தொங்கும் திறப்பும், பூட்டாமல் விட்ட கதவும் ஒன்றுதான்.

5. வாசலில் மண்டையோட்டுப் படத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கை எழுதியிருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குப் படம் சொல்லும்.

6. அரிசி, மா, மாதாந்தம் கொடுக்கும் தேயிலைத் தூள், மாட்டுத் தீவனம், உடுப்பு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற மணத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மருந்தடிப்பவர்களின் கையுறை, முகமூடி, உடுப்பு ஆகியவற்றையும் வேறு இடத்தில்தான் வைக்க வேண்டும். மருந்தோடு வைத்த முகமூடி நம்மைக் காப்பாற்றாது, நஞ்சை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும்.

7. தூள் மருந்து மேல் தட்டில், திரவ மருந்து கீழ்த் தட்டில். மாற்றி வைத்தால், திரவம் ஒழுகித் தூளை நனைத்துவிடும். களைநாசினி ஒரு பக்கம், பூச்சிநாசினியும் பங்கசுநாசினியும் வேறு பக்கம். பைகளையும் கேன்களையும் தரையில் வைக்காமல் பலகைக் கட்டையின் மேல் வைக்க வேண்டும். அப்போதுதான் அடியில் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும்.

8. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழையதைப் பின்னால் தள்ளிப் புதியதை எடுத்தால், ஒரு நாள் காலாவதியான கேன்கள் மட்டும் மிஞ்சும்.

9. மண் அல்லது மரத்தூள் ஒரு பெட்டி நிறைய, ஒரு விளக்குமாறு, ஒரு மண்வெட்டி எப்போதும் இருக்க வேண்டும். மருந்து சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கானுக்குத் தள்ளவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, காய்ந்த மண்ணையோ மரத்தூளையோ கொட்டி, அது உறிஞ்சிய பிறகு கூட்டி அள்ளி, அடையாளமிட்ட உறையில் கட்டி வைத்து, நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பெரியதிலிருந்து சிறியதுக்கு

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மொத்தமாக வந்த மருந்தைச் சிறிய போத்தல்களில் அடைத்து விற்பது. இது அனுமதி பெற்ற நிலையங்களின் வேலை. அங்கே காற்றை வெளியே இழுக்கும் விசிறி, தனி அறை, தனி இயந்திரம், பதிவாளர் ஏற்றுக்கொண்ட லேபல் எல்லாம் இருக்க வேண்டும். களைநாசினி அடைத்த இயந்திரத்தில் பூச்சிநாசினி அடைத்தால், உள்ளே மிஞ்சிய கொஞ்சம் களைநாசினியே ஏழை விவசாயியின் கோவாவையும் லீக்ஸையும் கருக்கிவிடும். ஆகவே இது தோட்டத்து ஸ்டோரோ, சந்திக் கடையோ, நம் வீட்டு இஸ்தோப்போ செய்யும் வேலை அல்ல. கடையில் பெரிய கேனிலிருந்து அளந்து ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். காசு குறைவு என்பதற்காகப் பெயரில்லாத நஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

மற்றது, அன்றைய வேலைக்குத் தேவையான அளவை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுப்பது. தோட்டத்தில் இதைத் தவிர்க்க முடியாது. அதைச் செய்யும் முறை இது:

1. ஸ்டோரிலோ, அதோடு சேர்ந்த கலக்கும் இடத்திலோ மட்டும் ஊற்ற வேண்டும். வெளிச்சமும் காற்றும் இருக்க வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். தனியாகச் செய்யாமல் இருவர் இருக்க வேண்டும்.

2. ஊற்றுபவர் இரசாயனம் ஊறாத கையுறை, முகக் கவசம், மேலங்கி, சப்பாத்து போட்டிருக்க வேண்டும். அடிக்கும்போதைவிட ஊற்றும்போதுதான் ஆபத்து அதிகம். ஏனென்றால் தண்ணீர் கலக்காத முழு வீரியமுள்ள மருந்து அப்போதுதான் கையில் படுகிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த வேலைக்குப் போகவே கூடாது.

3. பீப்பாய்க்குக் குழாய் அல்லது கைப்பம்பி பாவிக்க வேண்டும். புனல், அளவுக் குவளை இரண்டையும் மருந்துக்கென்றே ஒதுக்கி, நிறம் பூசி அடையாளம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் இறக்குவதைப் போல ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கவே கூடாது. ஒரு மிடறு உள்ளே போனால் போதும்.

4. எடுத்துச் செல்லும் கேன் அதே மருந்து வந்த கேனாக இருக்க வேண்டும். அசல் லேபல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். லேபல் கிழிந்திருந்தால் மருந்தின் பெயர், வீரியம், எச்சரிக்கை, திகதி ஆகியவற்றைத் தெளிவாக எழுதி ஒட்டிய பிறகே கேனை வெளியே அனுப்ப வேண்டும். யோகட் கோப்பை, தயிர்ச் சட்டி, சாராயப் போத்தல், பால்மா டின் எதுவும் ஆகாது.

5. வாய்வரை நிரப்பக் கூடாது. வெயில் பட்டால் திரவம் விரிந்து மூடியைத் தள்ளும். கொஞ்சம் இடம் விட்டு, திருகு மூடியை இறுக்கி, வெளிப்பக்கத்தைத் துடைத்து அனுப்ப வேண்டும்.

6. மிஞ்சியது அன்றைக்கே ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும். "நாளைக்கும் அடிக்கணும்தானே, வீட்ல இருக்கட்டும்" என்ற பேச்சு வேண்டாம்.

7. கொடுத்தது, திரும்பியது, இருப்பு மூன்றையும் புத்தகத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

கணக்கு ஏன் முக்கியம் என்று பாருங்கள். காலையில் 40 லீற்றர் இருந்தது. நாலு லீற்றர் கேன் மூன்று கொடுத்தார்கள், 12 லீற்றர். பின்னேரம் ஒன்றரை லீற்றர் மிஞ்சித் திரும்ப வேண்டும். அப்படியானால் இருப்பு 29½ லீற்றர். அளந்து பார்த்தால் 28தான் இருக்கிறது. ஒன்றரை லீற்றர் எங்கே? பெரிய தொகை இல்லையே என்று விட்டுவிடலாம். ஆனால் 750 மில்லிலீற்றர்ச் சாராயப் போத்தலில் அது சரியாக இரண்டு போத்தல். அந்த இரண்டு போத்தலும் இன்றிரவு எந்த ஜன்னல் கட்டையில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. புத்தகத்தில் விழும் ஓட்டைக்கும் லயத்தில் விழும் சாவுக்கும் இடையில் அவ்வளவு தூரம் இல்லை.

வெறுங் கேன் வெறுமையானது அல்ல

தோட்டத்தில் தண்ணீர் பிடிக்க எதை எல்லாம் பாவிக்கிறோம் என்று பீலிக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளைக் கேன், நீலப் பீப்பாய், வெட்டிய டிரம். "நல்லாக் கழுவிட்டோங்க ஐயா, மணமே இல்லை" என்பார்கள். மணம் போனாலும் நஞ்சு போகாது. அது பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும்.

காலியான திரவ மருந்துக் கேனை மூன்று முறை அலச வேண்டும். கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரை அடிக்கிற டாங்கியிலேயே ஊற்றிவிட வேண்டும். இப்படி மூன்று தடவை. அதன் பிறகு அடியில் துளை போட்டு, ஸ்டோரில் எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். துளை போடுவது எதற்கு? யாரும் ஆசைப்பட்டுத் தண்ணீர் பிடிக்க எடுத்துப்போகாமல் இருக்கத்தான். ஆற்றில் வீசுவதும், லயத்துக் கோடியில் எரிப்பதும் கூடாது. அந்தப் புகையும் நஞ்சுதான்.

வீட்டுத் தோட்டம் செய்பவர்களுக்கு

லயத்தைச் சுற்றிக் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு நாலு வார்த்தை. தேவையான மிகச் சிறிய போத்தலை, லேபலோடு, அனுமதியுள்ள கடையில் வாங்குங்கள். கூட்டாளியோடு பங்கு போடுவதென்றால் போத்தலைப் பங்கு போடாதீர்கள், வேலையைப் பங்கு போடுங்கள். ஒரே நாளில் இருவர் தோட்டத்துக்கும் அடித்துப் போத்தலை முடித்துவிடலாம். மிஞ்சினால் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்றில், வசிக்கும் காம்பராவுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சாமி படத்துக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், கூரைச் சட்டத்தில் என்று ஒளித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. பிள்ளைகளுக்கு நம்மைவிட நல்லாத் தேடத் தெரியும்.

பழைய சரக்கு இருந்தால் அதையும் பாருங்கள். 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021 மே மாதம் இரசாயன உரம், பீடைகொல்லி எல்லாவற்றின் இறக்குமதியும் நின்று, அந்த வருடம் நவம்பரில் அந்தத் தடை விலகியது. அந்தத் தட்டுப்பாட்டுக் காலங்களில் பெயரில்லாத போத்தல்கள் கைமாறியதை நானே கண்டிருக்கிறேன். கிடைக்காமல் போகும் என்று பதுக்கியவர்களும் உண்டு. அதற்கும் முன்னால் எல்லோரும் அறிந்திருந்த பரகுவாட், 2008இலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டுத் தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. அப்படிப் பழைய போத்தல் எது கிடந்தாலும் பாவிக்கவும் வேண்டாம், கானில் கொட்டவும் வேண்டாம். அப்படியே கொண்டுவந்து ஒப்படையுங்கள். "எங்கே கிடைத்தது?" என்று யாரையும் குற்றம் பிடிக்க மாட்டோம்.

பூட்டு ஒரு உயிரைக் காக்கும்

இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியாது. 1995இல் நம் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அதுவும் ஒன்று. 2005இல் அது 24 ஆகக் குறைந்தது. பாதிக்குப் பாதி.  ஆய்வாளர்கள் காட்டிய முக்கிய காரணம், மிகக் கொடிய பீடைகொல்லிகளை 1995இலும் 1998இலும் நாட்டில் நிறுத்தியதுதான்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. மனிதனுக்கு வரும் கோபமும் மனவேதனையும் பெரும்பாலும் ஒரு நேரத்து வெள்ளம். அந்த நேரம் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லையென்றால் வெள்ளம் வடிந்துவிடும், ஆள் மிஞ்சுவார். பூட்டின் வேலை திருடனைத் தடுப்பது மட்டுமல்ல. வீட்டில் யாராவது மனமுடைந்து பேசினால் ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கதையுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கேட்டு உதவுவார்கள். என்னிடம் வந்தாலும் இரகசியமாகவே வைத்திருப்பேன்.

மீறி நடந்துவிட்டால்

தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், தேங்காயெண்ணெய், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் இரண்டாவது ஆபத்து. மயக்கமாக இருந்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வருமட்டும் காத்திருக்க முடியாத இடமென்றால் தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள். எப்படிப் போனாலும் மருந்துப் போத்தலை லேபலோடு கையில் கொண்டுபோங்கள்.

படித்ததைச் சரிபார்ப்போம்

பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லட்டும்:

1. நம் வீட்டில் லேபல் இல்லாத போத்தல் ஏதாவது இருக்கிறதா?
2. தண்ணீர் பிடிக்கும் கேனில் முன்பு என்ன இருந்தது?
3. திரவ மருந்து மேல் தட்டிலா, கீழ்த் தட்டிலா? ஏன்?
4. மருந்து சிந்தினால் தண்ணீர் ஊற்றலாமா?
5. வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி என்ன?
6. அழைக்க வேண்டிய இரண்டு இலக்கங்கள் எவை?

முதல் இரண்டு கேள்விக்கும் விடை இந்தப் பக்கத்தில் இல்லை. எழுந்து போய் ஜன்னல் கட்டையையும் குசினி மூலையையும் இஸ்தோப்பையும் பார்த்தால்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள். பெயரில்லாத போத்தல் எதையும் திறக்காமல், மணந்து பார்க்காமல், பிள்ளைகளை எட்டவைத்து, நேராக நிற்க வைத்துக் கொண்டுவந்து ஸ்டோரில் ஒப்படையுங்கள்.

நானும் திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு லயமாக வருவேன். போஷாக்கும் மலசலகூடமும் பிறகு கதைப்போம். முதலில் ஜன்னல் கட்டையைத்தான் பார்ப்பேன். "இந்தப் போத்தலில் என்ன இருக்கு?" என்று கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை கேட்காமல் விட்டவன் நான்.

வருமுன் காப்போம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்